செவ்வாயின் விளிம்பில் ஒரு கரிய வில்: முகிலா, கணினி வரைந்த கோடா?

வவுனிக்குளம் | 2025 பெப்ரவரி 10, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். வவுனிக்குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் சென்ற ஆண்டு 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள நியூட்டன் வகைத் தொலைகாட்டி ஒன்றை எமக்கு அனுப்பி வைத்தார்கள். மாரி முடியும்வரை அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மழை விட்ட பிறகு உயர்தர மாணவர் ஆறு பேருடன் வெளியே எடுத்தோம். காலபோக அரிவு வெட்டு முடிந்த வயல்களில் மாலையானால் வைக்கோல் எரிக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் புகை அடங்குகிறது. நல்வாய்ப்பாக அந்நேரம் செவ்வாயும் உச்சிக்கு அருகே வந்துவிடுகிறது.

பெப்ரவரி 8 ஆம் திகதி இரவு, செக்கனுக்கு 100 சட்டகம் (தனித்தனிப் படம்) வீதம் 120 செக்கன்கள் பதிவு செய்தோம். அந்த 12,000 சட்டகங்களில் தெளிவான காற்பங்கை ஆட்டோஸ்டக்கேர்ட் மென்பொருளால் தெரிந்தெடுத்து, 3,000 சட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்னர் ரெஜிஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் வேவ்லெட் முறையில் கூர்மையாக்கினோம். வட துருவப் பனித்தொப்பியும் கரிய நிலப்பகுதிகளும் நன்றாகவே தெரிகின்றன. சிக்கல் விளிம்பில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் விளிம்பை ஒட்டி மெல்லிய வெளிச்சப் பட்டையும், அதற்கு உள்ளே ஏறத்தாழ ஐந்து பிக்சல் தள்ளி, விளிம்புக்குச் சமாந்தரமாக ஓடும் கரிய வில்லும் காணப்படுகின்றன. வெளிச்சப் பட்டை முகில் என்றும், கரிய வில் முகிலுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி என்றும் மாணவர்கள் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பதிவு செய்தபோது நிலப்பகுதிகள் கோளின் சுழற்சியால் நகர்ந்திருந்தன. வில் மட்டும் நகரவில்லை. ஆகவே அது நிலத்தில் இல்லை, வளிமண்டலத்தில் இருக்கிறது என்பது அவர்களின் முடிவு. என்னால் அதனை மறுக்கவும் முடியவில்லை, முழுமனதாக ஏற்கவும் முடியவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன்.

முறிகண்டி | பெப்ரவரி 10, இரவு 10.02

மிகவும் அருமையான படம் சேர். உங்கள் படத்தை என் கைத்தொலைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் இட்டுப் பார்த்தேன். வில் இன்னும் தெளிவாகத் தெரிவதோடு, கீழ்ப்பாகத்தில் கிண்ணக்குழிகளின் விளிம்புகளும் துலங்குகின்றன. முகில் என்றே நினைக்கிறேன்.

ஈச்சம்பற்றை | பெப்ரவரி 11, காலை 7.30

கணினியில் இத்தனை தடவை அரைத்தெடுத்த ஒன்றை இன்னமும் ஒளிப்படம் என்று அழைப்பதே எனக்கு உடன்பாடில்லை. அடுக்குதல், கூர்மையாக்கல், இப்போது செயற்கை நுண்ணறிவு: ஒவ்வொரு படியிலும் எதனையோ கூட்டுகிறோம், எதனையோ கழிக்கிறோம். கமராவிலிருந்து வந்த மூலச் சட்டகத்தில் வில் இருக்கிறதா? இருந்தால் நம்பலாம், இல்லையென்றால் அது வரைந்த கோடு. செவ்வாயில் கால்வாய்கள் இருப்பதாக ஒரு காலத்தில் உலகமே நம்பியதை மறந்துவிடக் கூடாது.

கனகராயன் ஆறு | பெப்ரவரி 11, மாலை 6.50

ஈச்சம்பற்றை அண்ணா, கால்வாய்க் கதை உங்கள் வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அந்தக் காலத்தில் கணினி ஏது? ஸ்கியாப்பரெல்லி என்ற வானியலாளர் 1877 இல் மிலான் நகரத்திலிருந்து 22 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் செவ்வாயைக் கண்ணாற் பார்த்து, கையால் வரைந்தார். (எமது பாடசாலைத் தொலைகாட்டியைவிட அது இரண்டு சென்ரிமீற்றர்தான் பெரிது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள் சேர், மகிழ்வார்கள்.) கண்ணுக்கும் மூளைக்கும் இடையில் நடந்த கணிப்பே அந்தக் கோடுகளை உண்டாக்கியது. 1903 இல் மோண்டர் என்ற வானியலாளர் கிரீனிச்சில் பாடசாலைச் சிறுவர்களை வெவ்வேறு தூரங்களில் அமர்த்தி, கோடுகளே இல்லாத, ஒழுங்கற்ற புள்ளிகளும் மங்கிய நிழல்களும் மட்டும் கொண்ட வட்டப் படத்தைக் காட்டிப் பார்த்து வரையச் சொன்னார். சிறுவர் பலர் நேர்கோடுகளை வரைந்தார்கள். 1909 இல் அன்ரனியாடி என்ற வானியலாளர் பரிஸ் அருகே மியூடோனிலிருந்த 83 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் பார்த்தபோது, கோடாகத் தெரிந்த இடங்கள் சிறுசிறு திட்டுகளாகப் பிரிந்துபோயின.

மூலச் சட்டகத்தை நம்பலாம் என்கிறீர்கள். அந்த 12,000 இல் ஒன்றை மட்டும் திறந்து பாருங்கள். காற்று அலைக்கும் குளத்தின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல, வட்டம் ஒரு பக்கம் பிதுங்கியும் மறுபக்கம் சப்பியும், மணல் தூவியதுபோன்ற இரைச்சலோடும் இருக்கும். வண்ணக் கமராவாக இருந்தால் இன்னொரு விடயமும் உண்டு: ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றையே அளக்கிறது. கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற அந்தச் சதுரங்க அமைப்பில், மற்ற இரண்டு நிறங்களும் அயற்பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பப்படுபவை. திரையில் தெரியும் வண்ணப் படத்தின் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவீடே அல்ல. தொடாத படம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

நந்திக்கடல் | பெப்ரவரி 12, காலை 6.40

வணக்கம் சேர். என் ஊர் முல்லைத்தீவு. இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், விண்கலங்கள் அனுப்பும் கோள்களின் படங்களைக் கணித்துச் சீர்செய்யும் ஆய்வில் இருக்கிறேன். என் வேலை என்னவென்று அயலவர் கேட்டால் "படம் கழுவுகிறாள்" என்று அம்மா சொல்வார். அதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நானும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் வில்லைப் பார்த்தவுடன் எனக்குப் பழைய பகையாளியைக் கண்டதுபோல இருந்தது. அது முகில் அல்ல என்றே கருதுகிறேன். ஆனால் நான் சொல்வதை வைத்து மாணவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம். அவர்களே சோதிக்கக் கூடிய வழி இருக்கிறது.

முதலில், ஒரு மணி நேர வாதத்தில் உள்ள ஓட்டை. நிலத்தோடு சேர்ந்து நகரவில்லை என்பதிலிருந்து, அது நிலத்தில் இல்லை என்று மட்டுமே முடிவெடுக்கலாம். காலை முகிலோ மாலை முகிலோ கோளின் விளிம்பிலேயே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் தொலைகாட்டியிலோ மென்பொருளிலோ பிறந்த கோடும் விளிம்பிலேயே நிற்கும். இரண்டையும் பிரித்தறிய அந்தச் சோதனையால் முடியாது.

அடுத்து, வில் எப்படிப் பிறக்கிறது என்பது. ஒளி தொலைகாட்டியின் வட்ட வாயினூடாகச் செல்லும்போது கோணலடைவதால் (அதாவது வாயின் ஓரத்தில் ஒளியலை வளைந்து பரவுவதால்), ஒரு புள்ளி விண்மீன்கூடப் புள்ளியாக விழாமல், நடுவே ஒரு பொட்டும் சுற்றிலும் மங்கிய வளையங்களுமாக விழும். 200 மில்லிமீற்றர் வாய்க்கு, பச்சை ஒளியில், முதலாவது இருள்வளையம் நடுவிலிருந்து ஏறத்தாழ 0.69 விற்செக்கன் (ஒரு விற்செக்கன் என்பது ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்கு) தள்ளி இருக்கும். குழாயின் நடுவே தொங்கும் துணைக்கண்ணாடி அந்த வளையங்களுக்கு மேலும் பலம் சேர்க்கிறது. செவ்வாயின் முகத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தகைய வளையம் உண்டு. முகத்தின் நடுவில் அவை ஒன்றையொன்று நிரப்பி அடங்கிவிடும். விளிம்பிலோ வெளிச்சம் சட்டென்று முடிந்துவிடுவதால், அயலில் நிரப்புவதற்கு ஆளில்லை. மிக மெல்லிய ஒரு படிக்கட்டு எஞ்சுகிறது. அடுக்கிய படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேவ்லெட் கூர்மையாக்கல் என்பது சிறிய அளவிலான ஏற்றத்தாழ்வுகளைத் தேடிப் பெருப்பிக்கும் கணிப்பு என்பதால், அந்தப் படிக்கட்டை வெளிச்சப் பட்டையாகவும் கரிய வில்லாகவும் உயர்த்திவிடுகிறது.

இதனைச் சோதிக்க ஒரு பொய்ச் செவ்வாயைச் செய்யுங்கள். முகிலே இல்லாத வெறும் வட்டத்தைக் கணினியில் வரைந்து, உங்கள் தொலைகாட்டியின் கோணல் வடிவத்தாலும் காற்றின் அலைப்பாலும் அதனை மங்கலாக்கி, இரைச்சலைச் சேர்த்து, செவ்வாய்க்குப் பயன்படுத்திய அதே கூர்மையாக்கல் அளவுகளை ஒரு புள்ளியும் மாற்றாமல் அதன்மேலும் பயன்படுத்துங்கள். அங்கும் வில் தோன்றினால் வழக்கு முடிந்தது. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யாரும் எண்ண வேண்டாம். 2019 ஏப்ரல் 10 இல் வெளியான, எம் 87 என்ற விண்மீன்திரளின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தை உருவாக்கியவர்களும் இதைத்தான் செய்தார்கள். தரவு 2017 இல் எடுக்கப்பட்டது. நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே படத்தைக் கணித்தன. பின்னர் வளையம், பிறை, நடுவில் ஓட்டையே இல்லாத தட்டு, இரட்டைப் பொட்டு எனப் பொய்த் தரவுகளைச் செய்து, தட்டைக் கொடுத்தால் தங்கள் மென்பொருள் தட்டையே திருப்பித் தருகிறதா, அல்லது ஆசைப்பட்டு வளையமாக்கிவிடுகிறதா என்று பார்த்தார்கள்.

என் சொந்த வேலையிலும் பெரும்பகுதி இந்தச் சந்தேகத்தில்தான் கழிகிறது. வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதிலுள்ள ஜூனோகாம் கமரா ஒரே சொடுக்கில் முழுப் படத்தை எடுப்பதில்லை. 1648 பிக்சல் அகலமும் 128 பிக்சல் உயரமும் உடைய கீற்றுகளாக, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி வடிகட்டியினூடாக எடுக்கிறது. கலம் சுழன்ற கோணம், கமரா பொருத்தப்பட்ட கோணம், வில்லையின் திரிபு ஆகிய மூன்றையும் நுணுக்கமாக அறிந்தாலன்றிக் கீற்றுகள் ஒன்றோடொன்று பொருந்தா. வியாழன் சரியான உருண்டையும் அல்ல: நடுக்கோட்டு ஆரை 71,492 கிலோமீற்றர், துருவ ஆரை 66,854 கிலோமீற்றர். கோளின் விளிம்பு எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது; எங்கே இருக்கிறது என்று படம் சொல்கிறது; அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள அரைப் பிக்சலைத் துரத்துவதில் என் வாரங்கள் போகின்றன. மூலக் கோப்புகளை நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதால், ஜெர்மனியின் கெரால்ட் ஐக்ஷ்டெட் போன்ற கணிதவியலாளர்கள் ஆய்வுக்குழுவுக்கு வெளியிலிருந்தே இந்தக் கணிப்புகளைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வவுனிக்குளத்திலிருந்தும் செய்யலாம்.

முறிகண்டித் தம்பிக்கு ஒரு சிறு கணக்கு. செவ்வாயின் விட்டம் ஏறத்தாழ 6,780 கிலோமீற்றர். அன்றிரவு அது ஏறத்தாழ 13 விற்செக்கன் அளவில் தெரிந்தது. ஆகவே ஒரு விற்செக்கன் என்பது 520 கிலோமீற்றர். 200 மில்லிமீற்றர் தொலைகாட்டியின் பிரிவலு, அதாவது அதனால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.58 விற்செக்கன், அதாவது 300 கிலோமீற்றர். உங்கள் செயலி காட்டும் குழிகள் 40, 50 கிலோமீற்றர் அளவானவை. அந்தச் செய்தி தொலைகாட்டிக்குள் வரவே இல்லை. வேறு ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய செயலி, செவ்வாய் என்றால் குழி இருக்கும் என்று தன் நினைவிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறது.

வவுனிக்குளம் | பெப்ரவரி 12, இரவு 8.20

மிக்க நன்றி. இன்று வகுப்பில் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவி இதனைப் பைத்தன் மொழியில் எழுதிப் பார்ப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறாள். தொலைகாட்டியின் குவியத்தூரம் 1,200 மில்லிமீற்றர், அதனை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லை, கமராவின் பிக்சல் 2.9 மைக்கிரோமீற்றர். எங்கள் கணக்கில் ஒரு பிக்சலுக்கு 0.166 விற்செக்கன் வருகிறது. சரிதானா?

ஒரு கேள்வி: 12,000 இல் காற்பங்கை மட்டும் எடுப்பதே ஒரு வகைத் தெரிவுப் பிழை ஆகாதா? நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் அல்லவா?

நந்திக்கடல் | பெப்ரவரி 13, காலை 6.10

0.166 சரி.

நமக்குப் பிடித்ததை எடுத்தால் பிழைதான். மென்பொருள் பார்ப்பது வில் இருக்கிறதா என்பதையல்ல, சட்டகம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதை மட்டுமே. அதனால் பெரிய அபாயம் இல்லை. ஒரு சட்டகம் கூர்மையாக அமைவதற்கான நிகழ்தகவை டேவிட் பிரைட் என்ற ஆய்வாளர் 1978 இல் கணித்தார். ஒளியலையில் வளிமண்டலம் கலைக்காமல் விட்டுவைக்கும் துண்டின் அகலத்தைப்போலத் தொலைகாட்டியின் விட்டம் ஏழு மடங்காக இருந்தால், ஏறத்தாழ 350 சட்டகங்களில் ஒன்றுதான் நல்லதாக அமையும். பத்து மடங்கானால் பத்து இலட்சத்தில் ஒன்று. அந்தத் துண்டு 5 சென்ரிமீற்றராக இருக்கும் சுமாரான இரவில்கூட உங்களுக்கு நான்கு மடங்குதான். எனவே காற்பங்கை எடுப்பது பேராசை அல்ல. 3,000 சட்டகங்களை அடுக்கும்போது இரைச்சல் அதன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 55 மடங்கு குறைகிறது. கூர்மையாக்கலை அந்தப் படம் தாங்குவது அதனால்தான். வன்னிக்கு இயற்கை தந்த வசதியும் உண்டு: இந்தப் பருவத்தில் செவ்வாய் உங்களுக்கு 70 பாகைக்கு மேல் ஏறுவதால், மெல்லிய காற்றுப் படையினூடாகப் பார்க்கிறீர்கள். நான் இப்போது வாழும் நாட்டில் இதற்கு ஏங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாலைப்பழம் | பெப்ரவரி 16, மாலை 4.35

வணக்கம். சேர் குறிப்பிட்ட மாணவி நான்தான். பொய்ச் செவ்வாயைச் செய்துவிட்டேன். முதல் முயற்சி தோல்வி. 78 பிக்சல் விட்டமுள்ள வட்டத்தை அப்படியே வரைந்ததால் அதன் விளிம்பு படிப்படியாக, பல் பல்லாக இருந்தது. கூர்மையாக்கியதும் அந்தப் பற்கள் பூதாகாரமாகிவிட்டன. பிறகு பத்து மடங்கு பெரிய வட்டத்தை வரைந்து, மங்கலாக்கிய பின்னர் சுருக்கினேன். துணைக்கண்ணாடியின் நிழலுக்காக நடுவில் 50 மில்லிமீற்றர் வட்டத்தை அடைத்தேன்.

வில் வந்தது. விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஐந்து பிக்சல் உள்ளே, வெளிச்சப் பட்டையும் சேர்ந்தே வந்தது. ஆனால் அது வட்டத்தின் எல்லாப் பக்கங்களிலும் வந்தது. எங்கள் படத்தில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. இதனால் வில் உண்மையான முகில்தான் என்று இரண்டு நாள்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் சேர் பலகையில் சூரியனையும் பூமியையும் செவ்வாயையும் வரைந்தபோதுதான் விடை தெரிந்தது. செவ்வாய் ஜனவரி 16 இல் சூரியனுக்கு எதிரே நின்றது. பெப்ரவரி 8 இல் அது முழுவட்டமல்ல, ஒரு பக்கம் சற்றே தேய்ந்திருந்தது. தேய்ந்த பக்கத்தில் வெளிச்சம் சட்டென்று முடியாமல் மெல்ல மெல்ல இருளாகிறது. பொய்ச் செவ்வாயிலும் அந்த நிழலைச் சேர்த்தவுடன் அந்தப் பக்கத்து வில் மறைந்துவிட்டது. கூர்மையான பக்கத்து வில் மட்டும் எஞ்சியது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து இணைத்திருக்கிறேன். எது உண்மையானது என்று என் வகுப்பில் இருவர் மாறிச் சொன்னார்கள்.

ஈச்சம்பற்றை | பெப்ரவரி 16, இரவு 9.48

தங்கையின் வேலை பாராட்டுக்குரியது. மூலச் சட்டகம் மட்டும் உண்மை என்று நான் எழுதியதை மீளப்பெறுகிறேன். ஆனால் இதிலிருந்து இன்னொரு கவலை பிறக்கிறது. விளிம்பில் தெரிவதையெல்லாம் பொய் என்று கழித்துவிடும் பழக்கம் வந்தால், ஒரு நாள் உண்மையான ஒன்று விளிம்பில் தோன்றும்போது அதனையும் கழித்துவிட மாட்டோமா?

நந்திக்கடல் | பெப்ரவரி 17, காலை 7.05

கேட்கவேண்டிய கேள்வி இதுதான் அண்ணா. அப்படியொன்று விளிம்பில் உண்மையாகவே தோன்றியது.

வொயேஜர் 1 விண்கலம் 1979 மார்ச் 5 இல் வியாழனைக் கடந்து சென்றது. மூன்று நாள்கள் கழித்து, மார்ச் 8 இல், அயோ என்ற துணைக்கோளைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்தது. அது அழகுக்காக எடுத்த படமல்ல. பின்னணியில் உள்ள மங்கிய விண்மீன்களைக் கொண்டு கலம் எங்கே நிற்கிறது என்று கணிப்பதற்காக எடுத்தது. அந்தப் பணியில் இருந்த பொறியியலாளர் லிண்டா மோரபீட்டோ, விண்மீன் தெரிய வேண்டுமென்பதற்காகப் படத்தின் வெளிச்சத்தைக் கணினியில் மிகையாக உயர்த்தினார். உயர்த்தியபோது அயோவின் விளிம்புக்கு வெளியே பிறைபோன்ற, குடைபோன்ற ஒரு மங்கிய வடிவம் எழுந்தது.

நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே நிலைமை: விளிம்பில் ஒரு வில், அதுவும் கணினி உயர்த்தியபோது மட்டும் தெரிவது. அவர் அதனை உடனே நம்பவும் இல்லை, உடனே கழிக்கவும் இல்லை. கமராவின் குறைபாடா, பின்னால் வேறொரு துணைக்கோள் எட்டிப் பார்க்கிறதா என்று சகாக்களுடன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அந்தத் திசையில் அந்த அளவில் தெரியக்கூடிய துணைக்கோள் எதுவும் இல்லை. கடைசியில் எஞ்சியது, அயோவின் நிலத்திலிருந்து 270 கிலோமீற்றர் அளவு உயரத்துக்கு எழுந்த எரிமலைப் புகைத்தூண். பூமிக்கு வெளியே இயங்கும் எரிமலையை மனிதர் கண்டது அதுவே முதல் தடவை. வியாழனின் ஈர்ப்பு பிசைவதால் அயோவின் உட்பகுதி உருகியிருக்க வேண்டும் என்று பீல், கசன், ரெனால்ட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை அதே ஆண்டு மார்ச் 2 இல்தான் வெளியாகியிருந்தது.

நம் வில்லுக்கும் அந்த வில்லுக்கும் என்ன வேறுபாடு என்றால், நம்முடையதைப் பொய்க் கோள் ஒன்றிலிருந்து திரும்பச் செய்ய முடிகிறது. அயோவினுடையதை எந்தக் கமராக் குறைபாட்டிலிருந்தும் திரும்பச் செய்ய முடியவில்லை.

இன்னொன்றையும் தமிழராகிய நாம் அறிந்திருக்க வேண்டும். 2019 செப்ரெம்பரில் இந்தியாவின் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதியது. நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்த பெரும் படத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட்டபோது, சென்னையில் பணிபுரிந்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியியலாளர் மோதலுக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் தம் மடிக்கணினியில் அருகருகே வைத்து ஒப்பிட்டார். அவர் கண்டுபிடித்தது ஒரே ஒரு வெளிச்சப் பிக்சல். அந்தப் படத்தில் ஒரு பிக்சல் என்பது 1.3 மீற்றர். ஒற்றைப் பிக்சலை இரைச்சல் என்று தள்ளிவிடுவது மிக எளிது. முந்திய படத்தில் அந்த இடத்தில் அது இல்லை என்பதே அவர் பிடித்துக்கொண்ட கயிறு. பின்னர் எடுத்த கூர்மையான படங்களாலும் உறுதிசெய்து, டிசெம்பரில் நாசா அதனை அறிவித்தது. அந்தச் சிதைவு, மோதல் நடந்த முதன்மை இடத்திலிருந்து ஏறத்தாழ 750 மீற்றர் வடமேற்கே கிடந்தது.

முறிகண்டி | பெப்ரவரி 17, மாலை 5.20

300 கிலோமீற்றர்க் கணக்கைப் பார்த்த பிறகு, என் செயலி தந்த படத்தை இங்கிருந்து நீக்கிவிட்டேன். அது பொய் என்று தெரிந்தும் அழகாக இருக்கிறது என்பதுதான் துயரம்.

பாலைப்பழம் | பெப்ரவரி 19, இரவு 8.55

அக்கா எழுதியதைப் படித்த பிறகு, நிறங்களைப் பிரித்துப் பார்த்தோம். கோணலால் வருவது என்றால் வில்லின் இடம் அலைநீளத்தோடு மாற வேண்டும். முகிலின் இடம் மாறாது. சிவப்பு 620 நனோமீற்றர், நீலம் 460 நனோமீற்றர் என்று வைத்தால் விகிதம் 1.35. எங்கள் படத்தில் சிவப்பில் வில் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 5 பிக்சல் உள்ளே இருக்கிறது; நீலத்தில் 3.5 இற்கும் 4 இற்கும் இடையில். நீலத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எங்கள் கமராவில் நீலத்தை அளக்கும் பிக்சல்கள் நாலுக்கு ஒன்றுதான்.

அதன் பின்னர் உண்மைப் படத்திலிருந்து பொய்ப் படத்தைக் கழித்தோம். வில் ஏறத்தாழ அழிந்துவிட்டது. ஆனால் வில் இருந்த பக்கத்திலேயே, பனித்தொப்பிக்குச் சற்றுக் கீழே, விளிம்பில் ஒரு சிறிய வெளிச்சத் திட்டு எஞ்சுகிறது. நீலத்தில் பிரகாசமாகவும் பச்சையில் மங்கலாகவும் இருக்கிறது. சிவப்பில் இல்லவே இல்லை. பெப்ரவரி 8 இல் எடுத்த இரண்டு பதிவுகளிலும் இருக்கிறது. பொய்ச் செவ்வாயில் என்ன செய்தும் அதனை வரவைக்க முடியவில்லை.

நந்திக்கடல் | பெப்ரவரி 20, காலை 6.30

தங்கச்சி, செவ்வாயின் நீர்ப்பனி முகில்கள் நீலத்தில் பிரகாசமாகவும் சிவப்பில் மறைந்தும் தெரிபவை. நீங்கள் தேடிய முகில் வில்லுக்குள் ஒளிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஆயினும் "நினைக்கிறேன்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அதே இரவில் வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களோடு ஒப்பிட வேண்டும்; ஆல்போ ஜப்பான் காப்பகத்தில் உலகெங்கும் உள்ளவர்களின் கோட்படங்கள் நாள்வாரியாக இருக்கின்றன. உங்கள் படத்தையும் அங்கே அனுப்புங்கள். அனுப்பும்போது கூர்மையாக்கிய படத்தோடு, அடுக்கிய நிலையிலுள்ள கூர்மையாக்காத படத்தையும், சர்வதேச நேரத்தையும், பயன்படுத்திய அளவுகளையும் கட்டாயம் எழுதுங்கள்.

வில்லுக்கு இன்னும் ஒரு சோதனை மீதம் இருக்கிறது. காகித அட்டையில் 150 மில்லிமீற்றர் வட்டம் வெட்டித் தொலைகாட்டியின் வாயில் நடுவாகப் பொருத்துங்கள். வாய் சிறுத்தால் கோணல் வளையங்கள் விரியும். சிவப்பில் இப்போது 5 பிக்சலில் இருக்கும் வில், அட்டையோடு 6.5 பிக்சல் அளவுக்கு உள்ளே போக வேண்டும். முகிலுக்கு உங்கள் அட்டையைப் பற்றி எதுவும் தெரியாது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். படம் எடுப்பதற்கு முன்னரே இந்த எண்ணை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு எடுத்ததற்கேற்ப நான் மாற்றிச் சொல்ல முடியாது.

வவுனிக்குளம் | பெப்ரவரி 24, இரவு 11.40

நேற்றும் அதற்கு முந்திய நாளும் முகில் மூடிவிட்டது. எங்கள் முகில்தான், செவ்வாயினுடையதல்ல. இன்று வானம் விட்டுக்கொடுத்தது. பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கவராயத்தால் வட்டமிட்டு, சவர அலகால் வெட்டி, வாயில் ஒட்டினோம். முதற்பதிவின்போது ஒட்டுநாடா பனியில் நனைந்து அட்டை ஒரு பக்கம் தொங்கியதைப் பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தோம். அந்தப் பதிவைக் கணக்கில் எடுக்கவில்லை. பின்னர் அட்டையுடன் மூன்று பதிவுகளும், அட்டையின்றி மூன்று பதிவுகளும் மாறி மாறி எடுத்தோம். கூர்மையாக்கல் அளவுகள் முன்னையவையே.

செவ்வாய் இந்த இரண்டு வாரங்களில் சிறுத்துவிட்டது, காற்றும் அன்றுபோல் அமைதியாக இல்லை. அட்டையின்றிச் சிவப்பில் வில் 5 பிக்சலுக்கு அருகில். அட்டையுடன் மூன்று பதிவுகளில் 6, 6.5, 7. அளந்தவர்கள் மூன்று வெவ்வேறு மாணவர்கள். ஒருவர் அளந்ததை மற்றவருக்குக் காட்டவில்லை. நீலத் திட்டு இன்று எந்தப் பதிவிலும் இல்லை.

ஆறு பதிவுகளின் கூர்மையாக்காத கோப்புகளையும் நாளை காலை கிளிநொச்சிக்குப் போகும்போது அங்கிருந்து தரவேற்றுகிறேன். எங்கள் பக்கத்து இணைய வேகத்துக்கு அவை இரவு முழுவதும் போகும்.

ஈச்சம்பற்றை | பெப்ரவரி 25, காலை 6.15

சேர், தரவேற்றும்போது தொங்கிய அட்டையோடு எடுத்த பதிவையும் சேர்த்துவிடுங்கள். வாய் ஒரு பக்கம் சரிந்து அடைபட்டிருந்தால் வில்லும் சரிந்துதானே வந்திருக்க வேண்டும்? அதை நான் அளந்து பார்க்க விரும்புகிறேன்.